பனிக்குப் போகும் சப்பாத்து

மாவனல்லையில் ஜனவரி விடியலில் சுவெட்டர் போட்டுக்கொண்டு வீதிக்கு வந்தால், "என்ன, காய்ச்சலா?" என்று கேட்பார்கள். அப்படிப்பட்ட ஊரிலிருந்து கனடாவுக்குப் படிக்கவும் தென்கொரியாவுக்கு வேலைக்கும் கிளம்புகிறவர்களின் பட்டியலில் ஜாக்கெட், தொப்பி, கையுறை எல்லாம் முன்வரிசையில் இருக்கும். சப்பாத்துக்கு மட்டும் 'அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒரு தவணை. போய்ப் பார்த்தால் திணறல்தான். ஒரு பெட்டியில் '−30 பாகை' என்றிருக்கும், இன்னொன்றில் '200 கிராம்' என்றிருக்கும். மூன்றாவது சோடியைக் கையில் எடுத்தால் எடையே தெரியாது. எதை நம்பிக் காசு கொடுப்பது?

முதலில் அந்த 200 கிராம். சப்பாத்தின் எடை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். உள்ளே வைத்துத் தைத்திருக்கும் பஞ்சுத்தகடு ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு நிறுக்கும் என்ற கணக்கு அது. 3எம் நிறுவனம் 1970களின் கடைசியில் விற்பனைக்குக் கொண்டுவந்த 'தின்சுலேட்' இந்த வகையில் பெயர்பெற்றது. மயிரிழையைவிட மெல்லிய செயற்கை இழைகள் காற்றை அசையவிடாமல் பிடித்து வைக்கின்றன; அந்தக் காற்றுதான் காலின் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. இறுக்கமான சப்பாத்துக்குள் இரண்டு சோடி சொக்ஸைத் திணித்தவருக்குக் குளிர் கூடுவதும் இதனால்தான். இழை நசுங்கினால் காற்றுக்கு இடமில்லை, விரல்களுக்கு இரத்த ஓட்டமும் குறைகிறது. தடித்த கம்பளிச் சொக்ஸ் ஒன்றைப் போட்ட பிறகும் விரல்களை ஆட்ட முடிகிறதா என்று கடையிலேயே பார்ப்பது நல்லது. பருத்திச் சொக்ஸ் வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே கிடக்கும். பனியில் அது ஆகாது.

'−30' என்ற இலக்கத்தில் இன்னும் கவனம் வேண்டும். அன்றாடம் போடும் சப்பாத்துகளுக்கு இந்த இலக்கத்தை எல்லா நிறுவனங்களும் ஒரே முறையில் கணிப்பதில்லை. வேகமாக நடப்பவரை மனதில் வைத்துப் போட்ட இலக்கம், பஸ் தரிப்பிடத்தில் இருபது நிமிடம் நிற்பவருக்கு உதவாது. தொழிற்சாலைப் பாதுகாப்புச் சப்பாத்துகளின் கதை வேறு. ஐ.எஸ்.ஓ. 20345 தரத்தில் 'சி.ஐ.' என்ற குறி இருந்தால், −17 பாகைக் குளிரில் அரைமணி நேரம் வைத்தும் உள்ளே வெப்பம் 10 பாகைக்கு மேல் இறங்கவில்லை என்று பொருள். கொரியாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் இந்தக் குறியைத் தேடலாம்.

போகும் நகரத்தையும் பார்க்க வேண்டும். டொரண்டோவில் ஜனவரி மாதச் சராசரி −4, −5 பாகையை ஒட்டியே இருக்கிறது. வின்னிபெக்கில் −16 அளவு. டொரண்டோவில் பஸ்ஸுக்கும் வகுப்புக்கும் இடையே நடப்பவருக்கு 200 கிராம் தகடு வைத்த இலகுவான சப்பாத்து பெரும்பாலான நாட்களுக்குப் போதும். வின்னிபெக்கில் அதை நம்பி இறங்கக் கூடாது.

இலகு என்பது வெறும் சொகுசுக்காகச் சொல்வதல்ல. 1969இல் அமெரிக்க இராணுவத்தின் ஆய்வாளர்கள் சூல், கோல்ட்மன் இருவரும் சுமையை உடம்பின் வெவ்வேறு இடங்களில் கட்டி ஆட்களை நடக்கவிட்டு அளந்தார்கள். உடம்பில் சுமக்கும் எடையைவிட அதே எடையைக் காலில் சுமக்க நாலு முதல் ஆறு மடங்கு சக்தி செலவாகிறது என்று கண்டார்கள். காலில் ஒரு கிலோ கூடினால், முதுகில் ஐந்து கிலோ ஏற்றியதுபோல்.

ஆனால் இலகுவான சப்பாத்தின் பலவீனம் அடியில் இருக்கிறது. எடையைக் குறைக்க ஈ.வி.ஏ. என்ற நுரைப் பொருளில் அடியை வார்க்கிறார்கள். நிலத்துக் குளிரை அது நன்றாகவே தடுக்கும். கடுங்குளிரில் விறைத்து வழுக்கவும் செய்யும். நல்ல சோடிகளில் நுரைக்குக் கீழே மெல்லிய இறப்பர் தகடு ஒன்று ஒட்டியிருக்கும்.

இறப்பரைப் பற்றி, மாவனல்லை இருக்கும் கேகாலை மாவட்டத்துக்காரருக்குப் பாடம் தேவையில்லை. 1876இல் கம்பஹா ஹெனரத்கொடைப் பூங்காவில் நட்ட கன்றுகளில் தொடங்கிய பயிர், கேகாலை, இரத்தினபுரி, களுத்துறை மலைச்சரிவுகளில் பால் வெட்டும் தோட்டங்களாகப் பெருகியது. அந்தப் பாலைக் காயவைத்து அப்படியே சப்பாத்து செய்தால் என்ன ஆகும் என்பதை 1820களில் பொஸ்டன்காரர்கள் கண்டார்கள். பிரேசிலிலிருந்து வந்த கச்சா இறப்பர்ச் சப்பாத்துகள் குளிர்காலத்தில் கல்லாக இறுகின, கோடையில் பிசுபிசுத்தன. 1839இல் சார்ள்ஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கும் வழியைக் கண்ட பிறகுதான் இறப்பர் பனியில் வளைந்து கொடுத்தது.

வழுக்குமா என்பதை டொரண்டோவில் அளந்தே பார்த்துவிட்டார்கள். டொரண்டோ மறுவாழ்வு நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில், தரை முழுவதும் பனிக்கட்டியான ஓர் அறை இருக்கிறது. மேலிருந்து தொங்கும் வாரில் ஆளைக் கட்டி, புதுச் சப்பாத்தோடு ஏறி இறங்க விடுகிறார்கள். தரை கொஞ்சம் கொஞ்சமாகச் சரிகிறது. கால் வழுக்கும் கோணம்தான் மதிப்பெண். ஒரு நட்சத்திரம்போல் ஒரு பனிச்செதில் குறி பெறவே 7 பாகைச் சரிவில் வழுக்காமல் நடக்க வேண்டும். 2016இல் வெளிவந்த முதல் பட்டியலில், சோதித்த 98 வகைகளில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. தேறியவற்றின் அடியில் மென்மையான இறப்பருக்குள் நுண்ணிய கடினத் துகளோ இழையோ பதித்திருந்தார்கள். அவை பனிக்கட்டியில் நகம்போலப் பிடிக்கின்றன. ஆழமாக வெட்டிய கோலம் புதுப்பனியில் உதவும். கண்ணாடிபோல் உறைந்த நடைபாதையில் அந்தக் கோலத்தால் பெரிய பயனில்லை.

ஊரிலேயே ஒரு சோடி கிடைத்தால், அதை உறையில் சுற்றி ஐஸ்கிறீம் கடையின் ஆழ்குளிர்ப் பெட்டியில் ஓர் இரவு வைத்துப் பார்க்கலாம். அங்கே பொதுவாக −18 பாகை இருக்கும். எடுத்தவுடன் அடியை இரு கையாலும் வளைத்தால், இறப்பர் எவ்வளவு, நுரை எவ்வளவு என்று கைக்கே தெரியும்.

அங்கே போய் வாங்குகிறவர்களுக்குக் கணக்கு வேறு. கனடாவில் டிசம்பர் 26இல் மலிவு விற்பனை தொடங்கும். ஆனால் முதல் பனி பெரும்பாலும் அதற்கு முன்பே விழுந்துவிடும். நவம்பரில் ஒரு சாதாரண சோடி, ஜனவரியில் நல்ல சோடி என்று பிரித்து வாங்குவது செலவைச் சமாளிக்கும் வழி. வீதியில் தூவும் உப்பு தோலையும் தையலையும் அரிக்கும். வீடு வந்ததும் ஈரத்துணியால் துடைத்து, ஹீட்டரை விட்டுத் தள்ளிக் காயவைக்க வேண்டும். சூட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் பசை இளகி அடி பிரியும்.