கூலி உண்டு, நேரம் உண்டா?

பெண் எழுத வேண்டுமெனில் ஆண்டுக்கு 500 பவுண்டு வருமானமும் தனி அறையும் தேவை என்றார் வர்ஜீனியா வுல்ஃப். ஆண்டு 1929. அதே ஆண்டில்தான் கிரேக்கக் கவிஞர் மரியா பொலிதூரியின் இரண்டாம் தொகுப்பு வெளியானது. அரசுப் பணியில் இருந்து, மணமாகாமலே வாழ்ந்த அவர், 1930-இல் காசநோயால் 28-ஆம் வயதில் மறைந்தார்.

நம் பக்கத்தில் அசலாம்பிகை அம்மையார். 1875-இல் திண்டிவனத்தை அடுத்த இரட்டணையில் பிறந்து, இளமையிலேயே கணவரை இழந்தவர். தமிழ் கற்று, 2,000-க்கும் மேற்பட்ட பாடல்களில் காந்தி புராணம் பாடினார்.

இருவருக்கும் எழுத நேரம் வாய்த்தது இல்லறத்துக்கு வெளியே என்பதே உறுத்துகிறது.

இன்று ஆம்பூர், ராணிப்பேட்டை காலணித் தொழிற்சாலைகளில் பெண்களே பெரும்பான்மை. வருமானம் ஓரளவு வந்துவிட்டது. ஆனால் தையல் எந்திரத்தை விட்டு எழுபவருக்கு வீட்டில் அடுப்பும் பிள்ளைகளும் காத்திருக்கின்றன. பொருளியல் இதை 'நேர வறுமை' என்கிறது. கூலிக் கணக்கில் இது தென்படுவதில்லை. ஆலைக்கருகே குழந்தைகள் காப்பகம், இரவிலும் திறந்திருக்கும் நூலகம், வீட்டு வேலையில் ஆண்களின் பங்கு ஆகியவை அமைந்தால், இல்லறத்தை இழக்காமலே இங்கும் ஒரு கவிஞர் எழ முடியும்.