பேட்டரி தேதி முடிந்தால் சிக்கல்: கப்பல் ரேடியோ சோதனைக்கு தயாராவது எப்படி?

முத்தாண்டிக்குப்பம்,-

ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்துவிட்டு கப்பல் வேலைக்குப் போக ஆசைப்படும் வாலிபர்கள் நெய்வேலி, முத்தாண்டிக்குப்பம் பக்கமும் இருக்கிறார்கள். கடலுக்குப் போகிற பிள்ளை பத்திரமாகத் திரும்ப வேண்டுமே என்பதுதான் பெற்றோரின் கவலை. அந்த உயிரைக் காக்கும் வேலைகளில் ஒன்று, கப்பலில் வருடா வருடம் நடக்கும் ரேடியோ சோதனை.

டைட்டானிக் தந்த பாடம்

1912-ம் ஆண்டு ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கி சுமார் 1,500 பேர் பலியானார்கள். அருகில் நின்ற கலிபோர்னியன் கப்பலின் ரேடியோ ஆபரேட்டர் கருவியை நிறுத்திவிட்டு தூங்கப் போய்விட்டார். ஆபத்து அழைப்பு அவர்களுக்கு எட்டவே இல்லை. அதன் பிறகுதான் 1914-ல் 'சோலாஸ்' எனப்படும் சர்வதேச கடல் பாதுகாப்பு ஒப்பந்தம் உருவானது.

1999 பிப்ரவரி 1-ந்தேதி முதல் ஜி.எம்.டி.எஸ்.எஸ். என்ற நவீன ரேடியோ முறை முழுமையாக அமலுக்கு வந்தது. வெளிநாடு செல்லும் பயணிகள் கப்பல்களுக்கும், 300 டன்னும் அதற்கு மேலும் உள்ள சரக்கு கப்பல்களுக்கும் இது கட்டாயம்.

என்னென்ன பார்ப்பார்கள்?

'ரேடியோ நல்லாத்தானே பேசுது, அப்புறம் என்ன?' என்று இருந்துவிட முடியாது. சோதனையில் மாட்டிவிடுவது பெரும்பாலும் சின்ன விஷயங்கள்தான்.

* இபிர்ப் கருவி: கப்பல் மூழ்கினால் தானாக மிதந்து, 406 மெகாஹெர்ட்சில் செயற்கைக்கோளுக்கு தகவல் அனுப்பும். 4 மீட்டர் ஆழத்துக்குள் தண்ணீர் அழுத்தத்தில் அது கழன்று வர வேண்டும். பேட்டரியின் தேதியையும், கழற்றிவிடும் பாகத்தின் தேதியையும் முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும்.

* கையடக்க வி.எச்.எப்.: 500 டன்னுக்கு மேல் என்றால் 3 செட் வேண்டும். ஆபத்து நேரத்துக்கான பேட்டரி சீல் உடையாமல் இருக்க வேண்டும்.

* ரிசர்வ் பேட்டரி: மின்சாரம் போனாலும் ரேடியோ ஓட வேண்டும். முறையான எமர்ஜென்சி ஜெனரேட்டர் இருந்தால் 1 மணி நேரம், இல்லாவிட்டால் 6 மணி நேரம்.

* ஆன்டெனா: உப்புக்காற்றில் இணைப்புகள் துருப்பிடித்துள்ளதா என்று பார்க்க வேண்டும்.

* பேப்பர்கள்: ரேடியோ லைசென்ஸ், ஆபரேட்டர் சான்றிதழ், ரேடியோ லாக் புத்தகம். தினசரி, வார, மாத சோதனைகளை அன்றன்றே எழுதியிருக்க வேண்டும். அதிகாரி வருகிறார் என்று ஒரே நாளில் எழுதி நிரப்பினால் பார்த்ததுமே தெரிந்துவிடும்.

உஷார்!

இபிர்ப்பை 'டெஸ்ட்' நிலையில் மட்டுமே சோதிக்க வேண்டும். தவறி நிஜமாக இயக்கிவிட்டால் உடனே மீட்பு மையத்துக்கு சொல்லிவிட வேண்டும். மறைத்தால், ஆபத்தே இல்லாத இடத்துக்கு மீட்புப் படை வீணாக அலையும். இந்தியாவில் மும்பை, சென்னை, போர்ட் பிளேரில் கடலோர காவல் படையின் மீட்பு மையங்கள் உள்ளன.

மீனவர்கள் நிலை

மீன்பிடி படகுகளுக்கு இந்த சர்வதேச விதி பொருந்தாது. 2017 ஒகி புயலின்போது ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரி மாவட்ட மீனவர்கள் பலருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. சாதாரண வி.எச்.எப். அவ்வளவு தூரம் எட்டாது. 1 லட்சம் படகுகளில் செயற்கைக்கோள் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் மத்திய அரசு திட்டம் 2024 ஆகஸ்டு 30-ந்தேதி தொடங்கப்பட்டது.

கப்பலோ, படகோ, கரையில் இருக்கும்போதே பேட்டரி தேதியைப் பார்த்துவிடுவது நல்லது. நடுக்கடலில் போய் மாற்ற முடியாது. கடலில் யாராவது ஆபத்தில் இருப்பது தெரிந்தால் 1554 என்ற கடலோர காவல் படை எண்ணுக்கு தகவல் சொல்லலாம்.