நமக்கேற்ற லினக்ஸ் நிறுவல் இறுவட்டு

கணினியின் உறுப்புக்கள் தாமாக யாதொன்றுஞ் செய்யவல்லனவல்ல. சாவிப்பலகை, திரை, வன்றட்டு முதலியவற்றை ஒருங்கு தொழிற்படச் செய்வது பணிசெயல் முறைமை எனப்படும். அத்தகைய முறைமை ஒன்றன் கருப்பகுதியை, பின்லாந்து நாட்டு எல்சிங்கிப் பல்கலைக்கழகத்து மாணவராயிருந்த லைனஸ் தோர்வால்ட்ஸ் என்பார் 1991ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். அதுவே லினக்ஸ். ஆயின் கருப்பகுதி மாத்திரம் எவர்க்கும் பயன்படாது. 1983இல் றிச்சார்ட் ஸ்டோல்மன் அறிவித்த குனு திட்டத்தின் கருவிகளும், எழுதவும் கணக்கிடவும் படம் வரையவும் உதவும் பிற மென்பொருள்களும் அதனோடு கூடுதல் வேண்டும். இவ்வாறு கூட்டித் தொகுத்தளிக்கப்படுவதை வழங்கல் என்பர். 1993இல் தோன்றிய டெபியனும், அதன் வழிவந்து 2004இல் வெளியான உபுண்டுவும் இவ்வகையின.

உலகத்தார் யாவர்க்கும் பொதுவாக அமைந்த வழங்கல் ஒரு குறித்த பாடசாலைக்கு அப்படியே பொருந்துமென எதிர்பார்த்தலாகாது. இருபது கணினிகளையுடைய ஒரு பாடசாலையை எண்ணிப்பார்க்க. பொது வட்டினால் நிறுவிய பின்னர், தமிழ் எழுத்துருக்கள், தமிழ்99 விசையமைப்பு, கேத்திரகணிதம் பயிற்றும் மென்பொருள் ஆகியவற்றை ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியே சேர்த்தல் வேண்டும். இணைய இணைப்பு மெலிந்த ஊரில் ஒரே பொதியை இருபது முறை இறக்குதல் நாட்கணக்கான வேலையாகும். அன்றியும், பொறுப்பாயிருந்த ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் செல்லின், அவர் செய்தவை யாவை என்னும் அறிவும் அவரோடு போய்விடுகின்றது. வேண்டியவற்றை முன்னரே உள்ளடக்கிய வட்டொன்று இவ்விரண்டு இடரையும் நீக்கும்.

இது வெறுங் கற்பனையன்று. ஸ்பெயின் நாட்டின் எக்ஸ்திரமதுரா மாநில அரசு, டெபியனை அடிப்படையாகக் கொண்டு, தன் பாடசாலைகளுக்கென 2002இல் லினெக்ஸ் என்னும் வழங்கலை வெளியிட்டது. அதிற் படங்களைச் செம்மைசெய்யும் மென்பொருளுக்கு, அம்மண்ணிற் பிறந்த ஓவியர் சுர்பரானின் பெயரை இட்டனர். தன் ஊர்ப் பெயரைத் திரையிற் காணும் மாணவன் அக்கருவியை அந்நியமாகக் கருதான் என்பது என் துணிபு. நோர்வே நாட்டிற் பாடசாலைகளுக்கென எழுந்த ஸ்கோலேலினக்ஸும், நம் நாட்டில் பெடோராவினின்றும் உருவாக்கப்பட்ட ஹந்தானவும் இந்நெறிப்பட்டனவே.

இனி, வட்டின் உள்ளமைப்பை நோக்குவாம். முதற்கண் இருப்பது தொடக்கி என்னும் சிறு நிரல். அது கருப்பகுதியையும், தொடக்கநிலைக் கோப்புக்களின் சிறு கட்டொன்றையும் நினைவகத்துள் ஏற்றும். வட்டின் பெரும்பகுதியை நிரப்புவது மூன்றாவதான சுருக்கிய கோப்புத்தொகுதி. இது ஸ்குவாஷ்எப்எஸ் எனப்படும். சுருக்கத்தின் வலிமையை 2000ஆம் ஆண்டில் கிளவுஸ் குனொப்பர் வெளியிட்ட குனொப்பிக்ஸ் நன்கு காட்டிற்று. ஏறக்குறைய 2 கிகாபைற்று அளவின மென்பொருள் 700 மெகாபைற்று வட்டொன்றில் அடங்கியது. வட்டில் எழுத இயலாதாகவும் பயனர் கோப்புக்களை மாற்றுவது யாங்ஙனம் எனின், அச்சிட்ட படத்தின்மீது கண்ணாடித்தாளை விரித்து அத்தாளில் எழுதுவதனை ஒக்கும். மாற்றங்கள் யாவும் நினைவகத்திலுள்ள மேலடுக்கிலேயே பதிகின்றன. கணினியை நிறுத்தியவுடன் அவை மறையும்.

வட்டை அமைப்பதற்கு வழி இரண்டு. ஆயத்தமான வட்டொன்றின் சுருக்கத்தை விரித்து, உள்ளே புகுந்து வேண்டுவன சேர்த்து, வேண்டாதன நீக்கி, மீண்டுஞ் சுருக்குதல் ஒன்று. இது விரைவில் முடியும்; ஆயின் செய்தவற்றுக்குப் பதிவில்லை. அடியிலிருந்தே கட்டியெழுப்புதல் மற்றையது. டெபியனின் லைவ்-பில்ட் என்னுங் கருவி இதற்கு உதவும். வேண்டிய பொதிகளின் பெயர்களை வரிக்கொன்றாக ஒரு கோப்பில் எழுதி, சேர்க்கவேண்டிய சொந்தக் கோப்புக்களை மற்றோர் அடைவில் இட்டு, இறுதியில் இயங்கவேண்டிய சிறு நிரல்களையும் வைத்து, கட்டளையைக் கொடுத்தால் வட்டின் பிரதி உருவாகும். என் கருத்தில் இதுவே சிறந்தது. பொதிப்பட்டியலே சமையற் குறிப்புப்போல நின்று, பின்வரும் ஆசிரியர்க்கு யாவற்றையும் அறிவிக்கும். புதிய பதிப்பு வெளிவருங்கால் அதனைக்கொண்டே மீளவுங் கட்டலாம். நிறுவும்போது எழும் மொழி, நேரவலயம் முதலிய வினாக்களுக்குரிய விடைகளையும் முன்கூட்டியே எழுதி வைத்தல் கூடும்.

ஈண்டு எச்சரிக்கை சில வேண்டும். பயன்பாட்டிலிருந்த கணினியொன்றை அப்படியே படியெடுத்து வட்டாக்குவோர் உளர். அதன்கண் இருந்த கடவுச்சொற்களும், கணினியின் தனி அடையாள எண்ணும், பாதுகாப்பான தொடர்புக்குரிய மறைச்சாவிகளும் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவாகிவிடும். ஒரு வீட்டுத் திறப்பால் ஊரின் வீடுகளெல்லாந் திறக்குமாயிற் பூட்டினாற் பயனென்னை? ஆதலின் இவற்றை நீக்கிய பின்னரே சுருக்குதல் வேண்டும். மூலவட்டும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. 2016 பெப்ரவரியில் லினக்ஸ் மின்ற் தளத்துட் புகுந்தோர், இறக்குவோரை வஞ்சகநிரல் கலந்த பிரதிக்குத் திருப்பிவிட்டனர். சரிபார்ப்பு எண்ணும் பிரதியும் ஒரே தளத்தில் இருக்குமாயின் கள்வன் இரண்டையும் மாற்றுவான். ஆகையால் வெளியிட்டோரின் இலக்கமுறைக் கையொப்பத்தையும் சோதித்தல் வேண்டும்.

வழங்கலை மாற்றவும் பிறர்க்களிக்கவும் உரிமை உண்டு. குனு பொது உரிமத்தின்கீழ் வரும் மென்பொருளை வழங்குவோர், அதன் மூலநிரலையும் கிடைக்கச் செய்யக் கடமைப்பட்டவர். பெயரின் நிலை வேறு. உபுண்டு என்பது வணிகக்குறியாதலின், மாற்றிய வட்டினை அப்பெயரால் வழங்க இசைவு பெறல் வேண்டும்.

கட்டிய பிரதியை உடனே வட்டிற் பதியாது, முதலிற் கியூஎமு போன்ற மாயக்கணினியில் இயக்கிப் பார்த்தல் நன்று. பின்னர்ப் பழைய பயோஸ் முறைக் கணினியொன்றிலும், யூஈஎப்ஐ முறைப் புதிய கணினியொன்றிலும் சோதிக்க. வட்டுச்செலுத்தி இல்லாதவற்றுக்கு அதே பிரதியைப் பென்டிரைவில் எழுதலாம். ஆயின் எழுதுங் கட்டளையிற் சாதனத்தின் பெயர் பிறழின் வன்றட்டே அழிந்துபோம். பழைய 32-பிற்றுக் கணினிகளை வைத்திருப்போர் பிறிதொன்றுங் கருதவேண்டும். 2025இல் வெளியான டெபியன் 13ஆம் பதிப்பில் அவற்றுக்கு நிறுவல் வட்டு இல்லை. 12ஆம் பதிப்பையே அடியாகக் கொள்ளல் வேண்டும்.