ஆரே மலையிடுக்கிற்கு மின்மிதிவண்டியில்: வழிகாட்டியின்றிச் செல்வோர் அறிந்திருக்க வேண்டியவை

பேர்ண் மாநிலத்தின் ஹஸ்லிப் பள்ளத்தாக்கில், மைரிங்கனுக்கும் இன்னர்ட்கிர்கனுக்கும் இடையே, கிர்கெட் எனப்படும் சுண்ணாம்புக்கற் குன்று குறுக்கே கிடக்கின்றது. பனியுகத்தின் பெருக்கெடுத்த உருகுநீர் அக்குன்றை அறுத்து உண்டாக்கிய வழியே ஆரே மலையிடுக்கு ஆகும். இடாய்ச்சு மொழியில் ஆரெஷ்லுக்ட் என்பர். அதன் நீளம் 1.4 கிலோமீற்றர். பாறைச்சுவர்கள் சில இடங்களில் ஏறத்தாழ 200 மீற்றர் உயர்ந்து நிற்கின்றன. மிக ஒடுங்கிய இடத்தில் அகலம் ஏறத்தாழ ஒரு மீற்றர் மட்டுமே. 1888 ஆம் ஆண்டிலிருந்து மக்கள் இதனுள் நடைபாதை வழியாகச் சென்று வருகின்றனர்.

இவ்விடத்தைக் காண்பதற்குச் சுற்றுலாக் குழுவில் சேர வேண்டியதில்லை. ஒரு நாள் விடுமுறையும், சொந்தமான அல்லது வாடகைக்கு எடுத்த மின்மிதிவண்டியும் போதும். ஆயினும் வழிகாட்டி உடன் வராவிடின் அவருடைய கடமைகள் இல்லாமற் போவதில்லை. அவை உங்களிடம் வந்து சேர்கின்றன. வண்டி சட்டத்திற்கு ஏற்றதா, விபத்து நேர்ந்தால் செலவை ஏற்பவர் யார், எவ்வேளையில் திரும்ப வேண்டும் என்னும் மூன்று வினாக்களுக்கும் வீட்டிலிருந்து புறப்படுமுன் விடை கண்டுகொள்ளுதல் வேண்டும். அதற்கு உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பயணப் பாதை

முதன்முறை செல்வோருக்கும் குடும்பமாகச் செல்வோருக்கும் பிரியென்ஸ் தொடருந்து நிலையத்திலிருந்து புறப்படுதல் ஏற்றது. அங்கிருந்து மைரிங்கன் வரையான பாதை சுமார் 13 கிலோமீற்றர், பெரும்பாலும் சமதரை. 19 ஆம் நூற்றாண்டில் கரைகட்டி நேராக்கப்பட்ட ஆரே ஆற்றை ஒட்டிப் பாதையின் பெரும்பகுதி செல்கின்றது. சிவப்பு நிறப் பலகைகளில் மிதிவண்டிச் சின்னமும் 8 என்ற இலக்கமும் காணப்படும். அதுவே ஆரே பாதையின் அடையாளம். இவ்வழியில் மைரிங்கன் படைத்துறை விமானத்தளம் உள்ளது. போர் விமானங்கள் எழும்பும்போது பேரொலி உண்டாகும். சிறு பிள்ளைகளுக்கு இதனை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மைரிங்கன் நிலையத்திலிருந்து மலையிடுக்கின் மேற்கு வாயில் சுமார் இரண்டு கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. மலையிடுக்கினுள் மிதிவண்டி கொண்டுசெல்ல இயலாது. வாயிலருகே பூட்டி வைத்துவிட்டு, மின்கலத்தையும் தனியே பூட்டிக்கொள்ளுங்கள். அல்லது கையில் எடுத்துச் செல்லுங்கள்.

தொடருந்தில் மிதிவண்டியை ஏற்றுவதற்குத் தனிப் பயணச்சீட்டு வேண்டும். நகரிடை விரைவுத் தொடருந்துகளில் கோடைப் பருவத்தில் இட முன்பதிவும் கட்டாயம். மின்மிதிவண்டி கனமானது, கொக்கியில் தூக்கி மாட்டுமுன் மின்கலத்தைக் கழற்றிவிட்டால் சுமை குறையும்.

உங்கள் வண்டி எவ்வகையைச் சேர்ந்தது?

சுவிற்சர்லாந்துச் சட்டம் மின்மிதிவண்டிகளை முதன்மையாக இரு வகையாகப் பிரிக்கின்றது. தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கலாம், கடமைகள் வேறு.

முதலாவது, மிதிக்கும்போது மணிக்கு 25 கிலோமீற்றர் வேகம் வரை மட்டுமே மின்பொறி துணைசெய்யும் வண்டி. 16 வயது நிரம்பியவர் இதனைச் சாரதி அனுமதிப்பத்திரமின்றி ஓட்டலாம். 14, 15 வயதினருக்கு எம் பிரிவு அனுமதிப்பத்திரம் வேண்டும். இலக்கத்தகடு தேவையில்லை. தலைக்கவசம் கட்டாயமன்று, எனினும் அணிவதே அறிவுடைமை.

இரண்டாவது, மணிக்கு 45 கிலோமீற்றர் வேகம் வரை மின்பொறி துணைசெய்யும் வண்டி. இதற்குக் குறைந்தது எம் பிரிவு அனுமதிப்பத்திரம், மஞ்சள் நிற இலக்கத்தகடு, பொறுப்புக் காப்புறுதி, தலைக்கவசம் ஆகிய அனைத்தும் கட்டாயம். 2024 ஏப்ரல் முதல் வேகமானியும் கட்டாயமாகியுள்ளது. சிறு மோட்டார் மிதிவண்டிகளுக்குத் தடைவிதிக்கும் பலகை உள்ள வழிகளில் இவ்வகை வண்டியின் மின்பொறியை நிறுத்திவிட்டே செல்லுதல் வேண்டும்.

இரு வகை வண்டிகளிலும் பகல் வேளையிலும் விளக்கு எரிந்துகொண்டிருத்தல் வேண்டும். இவ்விதி 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. மீறினால் 20 பிராங் தண்டம். மது அருந்தியோருக்கான 0.5 புரொமில் எல்லை மிதிவண்டி ஓட்டுவோருக்கும் பொருந்தும்.

இணையத்தில் மலிவாக வாங்கிய வண்டி, அல்லது நண்பர் ஒருவர் வேகத்தைக் கூட்டி மாற்றியமைத்துத் தந்த வண்டி குறித்து மிகுந்த கவனம் தேவை. 25 கிலோமீற்றரைத் தாண்டியும் மின்பொறி துணைசெய்யுமாயின், அது சட்டத்தின் பார்வையில் முதல் வகை வண்டியன்று. இலக்கத்தகடும் காப்புறுதியும் அனுமதிப்பத்திரமும் இன்றி அதனை ஓட்டுவது தண்டனைக்குரியது. விபத்தில் பிறர் காயமுற்றால், இழப்பீட்டுச் சுமை ஓட்டியவரின் மேலேயே வந்து விழக்கூடும்.

விபத்து நேர்ந்தால் செலவு யாருடையது?

மொழிபெயர்ப்புப் பணியில் என் மேசைக்கு வரும் கடிதங்களுள் மிகுந்த வருத்தம் தருபவை, விபத்து நடந்த பின்னர் காப்புறுதி இல்லையென அறிவிக்கும் கடிதங்களே. சட்டம் அவற்றில் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். அதனை முன்னரே எவரும் எடுத்துச் சொல்லாததே குறை. ஆகவே இப்பகுதியை ஆறுதலாக வாசிக்குமாறு வேண்டுகின்றேன்.

தொழில் செய்வோர் அனைவரும் தம் தொழில் வழங்குநர் ஊடாக விபத்துக் காப்புறுதி பெற்றுள்ளனர் எனப் பலர் எண்ணுகின்றனர். இது பாதி உண்மை. வேலையிடத்தில் நேரும் விபத்திற்கு அனைவரும் காப்புறுதி பெற்றவரே. ஓய்வு நாளில் நேரும் விபத்திற்கோ, ஒரே தொழில் வழங்குநரிடம் வாரத்திற்குக் குறைந்தது 8 மணிநேரம் பணிபுரிவோர் மட்டுமே காப்புறுதி பெறுகின்றனர்.

ஓர் எடுத்துக்காட்டு: ஒருவர் ஓர் அலுவலகத்தில் 5 மணிநேரம், ஓர் உணவகத்தில் 6 மணிநேரம், ஒரு வீட்டில் 4 மணிநேரம் எனத் துப்புரவுப் பணி செய்கின்றார். வாரத்தில் மொத்தம் 15 மணிநேரம் உழைத்தும், எந்த ஓர் இடத்திலும் 8 மணிநேரத்தை அவர் எட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை மிதிவண்டியிலிருந்து விழுந்து கை முறிந்தால், அச்செலவை எந்தத் தொழில் வழங்குநரின் காப்புறுதியும் ஏற்காது. எம்மவரிடையே இந்நிலையில் உள்ளோர், குறிப்பாகப் பெண்கள், பலர்.

இத்தகையோரும், வேலையற்ற துணைவர், பிள்ளைகள், ஓய்வூதியர் ஆகியோரும் தம் அடிப்படை நோய்க்காப்புறுதியில் விபத்தையும் சேர்த்திருத்தல் வேண்டும். மாதக் கட்டணத்தைக் குறைப்பதற்காக முன்னொரு காலத்தில் விபத்துப் பகுதியை நீக்கியிருந்தால், இப்போது உங்கள் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். வேலை நேரம் குறைந்தவுடனும், வேலை முடிவடைந்தவுடனும் இதனை மீண்டும் சரிபார்க்க வேண்டும். 8 மணிநேரத்திற்கு மேற்பட்ட வேலை முடிவடைந்தால், சம்பள உரிமை முடிந்த பின்னர் 31 நாள்கள் வரையே பழைய காப்புறுதி தொடரும்.

இரு காப்புறுதிகளுக்கும் உள்ள வேறுபாடும் சிறிதன்று. தொழில் வழி விபத்துக் காப்புறுதியில் மருத்துவச் செலவுக்குப் பிரான்ஷீஸ் எனப்படும் சொந்தப் பங்கு இல்லை. விபத்துக்குப் பின் மூன்றாம் நாளிலிருந்து சம்பளத்தின் 80 விழுக்காடு நாட்கொடுப்பனவாகவும் கிடைக்கும். நோய்க்காப்புறுதியில் சொந்தப் பங்கை நீங்கள் செலுத்த வேண்டும். அடிப்படைக் காப்புறுதியில் சம்பள இழப்பீடு இல்லை. மீட்புப் பணிக்கான செலவில் பாதியை மட்டுமே, அதுவும் ஆண்டுக்கு 5000 பிராங் வரையே, அது ஏற்கின்றது. உலங்குவானூர்தி வர நேர்ந்தால் எஞ்சிய தொகை உங்களுடையது.

பிறருக்கு நீங்கள் விளைவிக்கும் சேதம் வேறு விடயம். மிதிவண்டிகளுக்கு முன்பு ஒட்டப்பட்டு வந்த காப்புறுதி ஒட்டி 2012 முதல் நடைமுறையில் இல்லை. இப்போது தனிநபர் பொறுப்புக் காப்புறுதியே அச்செலவை ஏற்கின்றது. அது சட்டப்படி கட்டாயமன்று. ஆகவே சில குடும்பங்களில் அது இல்லாமலே இருக்கக்கூடும். ஆற்றோரப் பாதையில் நடந்து செல்லும் முதியவர் ஒருவர்மீது உங்கள் வண்டி மோதினால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

மலையிடுக்கினுள்

நுழைவுக்குக் கட்டணம் உண்டு. குளிர்காலத்தில் மலையிடுக்கு மூடப்பட்டிருக்கும். பொதுவாக ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை திறந்திருக்கும். புறப்படும் நாளின் காலையில் திறப்பு நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நடைபாதை பாறையோடு பொருத்திய தளங்களின் வழியாகவும் குடைந்த சுரங்கங்களின் வழியாகவும் செல்கின்றது. கிழக்கு முனையை அடைய அரை மணி முதல் முக்கால் மணிநேரம் ஆகும். வெளியே கடும் வெயில் எரித்தாலும் உள்ளே குளிரும், பாறையிலிருந்து நீர் சொட்டும், தரை ஈரமாயிருக்கும். மேற்சட்டையும் வழுக்காத காலணியும் தேவை. பனியாறுகள் அரைத்த நுண்துகள் கலந்து வருவதால் நீர் வெளிறிய பச்சை நிறமாகத் தோன்றும்.

கிழக்கு முனையிலிருந்து வந்த வழியே நடந்து திரும்பலாம். களைத்தவர்கள் கிழக்குப் பக்கத்துத் தரிப்பிடத்தில் சிறு தொடருந்தில் ஏறி மேற்குப் பக்கத்துத் தரிப்பிடத்தில் இறங்கலாம்.

தொடர்ந்து நடக்க விரும்புவோர் பலகைகளின் நிறத்தைக் கவனியுங்கள். மஞ்சள் மட்டும் உள்ளது சாதாரண நடைபாதை. வெள்ளை–சிவப்பு–வெள்ளைக் குறி மலைப்பாதை. அதற்கு உறுதியான காலணியும், உயரம் கண்டு தலைசுற்றாத உடலும் வேண்டும். வெள்ளை–நீலம்–வெள்ளைக் குறியுள்ள பாதை அனுபவமுள்ளோருக்கே உரியது. பலகையில் எழுதிய நேரத்தில் ஓய்வு நேரம் சேர்க்கப்படவில்லை.

எவ்வேளையில் திரும்ப வேண்டும்?

உங்கள் தலைக்கு மேலே வானம் தெளிவாக இருந்தாலும், ஆற்றின் மேற்பகுதியில் இடிமழை பெய்துகொண்டிருக்கலாம். 1999 ஜூலை 27 அன்று, இன்டர்லாக்கன் அருகே சாக்ஸெட் ஓடையின் இடுக்கில் நீர்வழிச் சாகசப் பயணம் செய்துகொண்டிருந்தோரை, மேலே பெய்த மழையால் திடீரெனப் பெருகிய வெள்ளம் அடித்துச் சென்றது. 21 பேர் உயிரிழந்தனர். அவர்களுடன் வழிகாட்டிகளும் சென்றிருந்தனர். ஆரே மலையிடுக்கின் நடைபாதை நீருக்கு மேலே பாதுகாப்பாக அமைந்தது; இரண்டும் ஒன்றல்ல. எனினும் அங்கிருந்தும், பிரியென்ஸ் செல்லும் வழியிலும், ஆற்றுப்படுகைக் கற்களில் இறங்கிப் படம் எடுக்க வேண்டாம். மேலே ஒபர்ஹஸ்லி நீர்மின் நிலையங்கள் உள்ளன. மழையே இன்றியும் நீர்மட்டம் திடீரென உயரக்கூடும் என எச்சரிக்கும் பலகைகளை அலட்சியம் செய்யாதீர்கள்.

காற்றையும் கணக்கில் கொள்ளுங்கள். தெற்கிலிருந்து இறங்கும் ஃபோன் காற்று இப்பள்ளத்தாக்கில் கடுமையானது. 1879 இலும் 1891 இலும் மைரிங்கனை எரித்த தீ அக்காற்றினாலேயே பரவியது. அது வீசும் நாளில் போகும் வழியிலேயே மின்கலம் விரைவாகக் குறையும். வழக்கமான கோடை நாள்களிலோ பிற்பகலில் ஏரியின் பக்கமிருந்து காற்று மேலேறும். திரும்பும்போது அது எதிர்க்காற்று. எனவே மின்கலத்தில் பாதிக்கு மேல் எஞ்சியிருக்கும்போதே திரும்புங்கள். குறைந்துவிட்டால் தயக்கமின்றி மைரிங்கனில் தொடருந்து ஏறுங்கள். திட்டத்தை மாற்றுவதில் குறைவு ஏதுமில்லை.

அவசர உதவி

மருத்துவ அவசரத்திற்கு 144, காவல்துறைக்கு 117, உலங்குவானூர்தி மீட்பிற்கு 1414, பொது அவசர அழைப்பிற்கு 112. முதலில் இடத்தைச் சொல்லுங்கள். பின்னர் என்ன நடந்தது, எத்தனை பேர் காயமுற்றனர் என்பதைச் சொல்லுங்கள். அருகிலுள்ள வழிகாட்டிப் பலகையில் எழுதிய இடப்பெயரை வாசித்தாலே போதும். இலக்கணப் பிழையைக் குறித்து அஞ்ச வேண்டாம்.

புறப்படுமுன்

வண்டியின் வகை, பகல் விளக்கு, தடுப்புக்கட்டை, மின்கலம். விபத்துக் காப்புறுதி, பொறுப்புக் காப்புறுதி. வானிலை அறிக்கை, திறப்பு நேரம், கடைசித் தொடருந்தின் நேரம். மேற்சட்டை, நீர், கைபேசி. இவற்றை ஒருமுறை சரிபாருங்கள். எவ்வழியே செல்கின்றீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிச் செல்லுங்கள்.

உங்கள் காப்புறுதிப் பத்திரத்தில் விபத்துப் பகுதி உள்ளதா என்பது விளங்காவிடின், அதனை எடுத்துக்கொண்டு மாநகரசபையின் தகவல் முகப்பிற்கு வாருங்கள். அப்பத்திரத்தை வாசித்து விளக்கப் பத்து நிமிடங்கள் போதும். பயணத்திற்கு முந்திய வாரமே அதற்கு உகந்த வேளை.