நின்ற பஸ்ஸில் குளிர் ஏன் குறைகிறது?

விடுமுறைக்கு ஊர் சென்று திரும்புவோர் கூறும் குறையொன்றுண்டு. வெள்ளவத்தையில் யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறி அமர்ந்தால், குளிரூட்டி இருந்தும் புறப்படும்வரை புழுக்கம். ஓடத் தொடங்கியதும் போர்வை தேடவேண்டும். நானும் ஒருமுறை சாரதியைக் கடிந்துகொண்டேன். குற்றம் அவருடையதன்று.

குளிரூட்டியின் கம்பிரசரை இயந்திரமே பட்டி மூலம் சுழற்றுகிறது. ஓட்டத்தில் நிமிடத்துக்கு 1200 சுற்றுக்கு மேல் சுழலும் பெரிய டீசல் இயந்திரம், நிற்கையில் ஏறத்தாழ 600க்கு இறங்கிவிடும். கம்பிரசரும் கூடவே தளரும். அது பல கிலோவாற் வலுவை உறிஞ்சுவதால் இயந்திரமும் நடுங்கும். புதிய வாகனங்களில் குளிரூட்டியைப் போட்டதும் சுற்று தானாகச் சற்று உயரும். பழையவற்றில் சாரதியே உயர்த்தவேண்டும். டீசல் செலவோ முதலாளியின் கணக்கில்!

நோர்வேயில் தேவையின்றி இயந்திரத்தை ஓடவிட்டு நிறுத்திவைப்பதை வீதி விதிகள் தடைசெய்கின்றன. ஒஸ்லோவில் நாம் ஏறும் மின்பஸ்ஸிலோ கம்பிரசருக்குத் தனி மோட்டர் உண்டு. நின்றாலும் குளிர் தளராது. இதற்குப் பழகிய பிள்ளைகள் அங்கு புழுக்கம் தாங்கார்.

ஆகவே ஊரில் முதியோரையும் குழந்தைகளையும் புறப்படும் நேரத்திலேயே ஏற்றுங்கள். அதுவரை பஸ்ஸின் பின்புறப் புகைக்கு அப்பால், நிழலில் இருத்துங்கள்.