வந்தாரை வரவேற்க – 9: மீனில் இல்லை, சாற்றில் இருக்கிறது

ஜப்பானில் மீனுக்கா பஞ்சம், முஸ்லிம் பயணிக்கு அங்கே சாப்பாட்டில் என்ன சிக்கல் என்று கேட்பவர்கள் உண்டு. மீனில் சிக்கல் இல்லை. அதன்மேல் பூசுகிற சாற்றில்தான் இருக்கிறது. இனிப்புக்கும் பளபளப்புக்கும் சேர்க்கிற மிரின் ஓர் அரிசி மது. அதில் ஏறத்தாழ 14 சதவீதம் ஆல்கஹால். சோயா சாஸ் நொதிக்கும்போதே கொஞ்சம் ஆல்கஹால் உண்டாகும். கெடாமலிருக்க மேலும் சேர்ப்பவர்களும் உண்டு. ராமென் என்னும் நூடுல்ஸ் கிண்ணத்தில் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் காய்கறியாகவே இருக்கலாம். அடியிலுள்ள சாறு, பன்றி எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைத்து இறக்கியதாக இருக்கக்கூடும்.

2013 ஜூலையில் மலேசியர்கள் விசா இல்லாமலே குறுகிய காலம் வந்துபோக ஜப்பான் வழிவிட்டது. அடுத்த ஆண்டின் கடைசியில், இ-பாஸ்போர்ட்டைப் பதிவுசெய்துகொண்ட இந்தோனேசியர்களுக்கும் அந்தச் சலுகை கிடைத்தது. விருந்தாளிகள் வரத் தொடங்கியதும் உணவகங்களுக்கு எழுந்த கேள்வி, ஹலால் சான்றிதழ் வாங்குவதா வேண்டாமா என்பது. மதுவும் விற்கிற சின்னக் குடும்பக் கடைக்கு அது எளிதில் எட்டாது. ஆகவே பலர் வேறு வழி கண்டார்கள்: எந்த உணவில் என்ன சேர்ந்திருக்கிறது, அதே அடுப்படியில் பன்றி இறைச்சி சமைக்கிறோமா என்பதையெல்லாம் படம் போட்டு எழுதி வைத்தார்கள். உண்பதா வேண்டாமா என்பதை வந்தவரே முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

சான்றிதழ் நல்லதுதான். ஆனாலும் இந்த வெளிப்படையான பேச்சை அதைவிட ஒரு படி மேலாகவே மதிக்கிறேன். காரணம், முஸ்லிம் பயணி என்று ஒரே அச்சில் வார்த்த ஆள் யாரும் இல்லை. நம் ஊரையே பாருங்கள். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபி மத்ஹபை, அதாவது ஷாஃபி சட்ட நெறியைப் பின்பற்றுவோர் அதிகம். உள்மாவட்டங்களில் இன்னொரு மத்ஹபைச் சேர்ந்த ஹனஃபிகள் அதிகம். ஷாஃபிகள் கணவாய் உண்பார்கள். ஹனஃபிகளில் பலர் நண்டையும் கணவாயையும் தொடமாட்டார்கள். இருவரும் ஒரே குழுவில் ஒசாகா போனால், கடலுணவு என்று பொதுவாக எழுதிய அட்டை இருவருக்கும் போதாது.

தொழுகையிலும் அப்படித்தான். பயணத்தில் நான்கு ரக்அத் (தொழுகைச் சுற்று) கொண்ட தொழுகையை இரண்டாகச் சுருக்குவது இருவருக்கும் பொது. நண்பகல் தொழுகையான லுஹரையும் பிற்பகல் தொழுகையான அஸரையும் ஒரே வேளையில் சேர்த்துத் தொழ ஷாஃபிக்கு இடமுண்டு. ஹனஃபி அந்தந்தத் தொழுகைக்குரிய நேரமான வக்திலேயே தொழுவார். டிசம்பரில் டோக்கியோவில் மாலை நாலரைக்கே சூரியன் மறைந்துவிடும். நண்பகலுக்குச் சற்று முன்பே தொடங்குகிற லுஹர், பிறகு அஸர், சூரியன் மறைந்ததும் மஃரிப் என்று ஐந்து மணி நேரத்துக்குள் மூன்று வக்துகள் வந்துவிடும். இதைக் கேட்டறியாமல் நாள் முழுதும் பேருந்தில் சுற்றிக்காட்டுவது என்ன உபசாரம்?

தொழ இடம் கிடைத்தாலும் தண்ணீர் வேண்டும். தொழுகைக்கு முன் ஒளு என்னும் தூய்மை செய்வதில் காலையும் கணுக்கால்வரை கழுவ வேண்டும். இடுப்பு உயரக் கைகழுவும் தொட்டியில் காலைத் தூக்கி வைப்பது முதியவருக்கு வதை. ஈரமான தரையைப் பார்த்துப் பிறர் முகம் சுளிப்பது அதைவிடப் பெரிய வதை. கழிப்பறையில் மட்டும் அந்தக் குறையில்லை. 1980இல் டோட்டோ நிறுவனம் கொண்டுவந்த, தண்ணீர் பீய்ச்சும் வாஷ்லெட் இன்று விடுதிகள்தோறும் இருக்கிறது. காகிதம் மட்டுமே கிடைக்கும் மேலைநாட்டு விடுதிகளில் படும் பாடு இங்கே இல்லை.

தொழ இடம் தரவும் முயற்சிகள் நடந்தன. 2018இல் ஐச்சி மாநிலத்திலுள்ள டொயோட்டா விளையாட்டரங்கின் வெளியே ஒரு பெரிய லாரி வந்து நின்றது. பக்கங்கள் விரிந்ததும் அது ஐம்பது பேர் தொழக்கூடிய பள்ளிவாசலானது. ஒளுச் செய்ய வெளியே குழாய்களும் வைத்திருந்தார்கள். டோக்கியோ ஒலிம்பிக் ரசிகர்களை மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடு. பெருந்தொற்றால் 2021க்குத் தள்ளிப்போன அந்தப் போட்டிகளுக்கு வெளிநாட்டு ரசிகர்களை அனுமதிக்கவேயில்லை. ஆனால் நரிதா, ஹனேதா, கன்சாய் விமான நிலையங்களில் தொழுகை அறைகள் இருக்கின்றன. டோக்கியோ ரயில் நிலையத்திலும் ஒன்று உண்டு. ரயில் மாறும் இடைவெளியில் அஸரை முடித்துக்கொண்டு போகலாம்.

(தொடரும்)