பறக்காத நாயகர்கள்

படிவம் இரண்டில் படித்தபோது ஒருநாள் காலையில் எங்கள் வகுப்பில் பைச் சோதனை நடந்தது. கைப்பேசி வைத்திருந்த இருவர் பிடிபட்டார்கள். மூன்றாவதாகப் பிடிபட்டவள் நான். என் பையில் இருந்தது ஒரு படக்கதைப் புத்தகம். "இன்னும் சின்னப் பிள்ளையா நீ?" என்று ஆசிரியர் கேட்டதும் வகுப்பே சிரித்தது. ஒரு வாரம் கழித்துப் புத்தகம் திரும்பக் கிடைத்தது. ஆனால் அதன் பிறகு பல மாதங்கள், படக்கதை படிப்பதை யாருக்கும் தெரியாமல்தான் செய்தேன்.

அந்தப் புத்தகத்தில் முகமூடி போட்டவர் யாரும் இல்லை. யாரும் பறக்கவில்லை, கட்டடங்களை இடிக்கவில்லை. ஆற்றில் குதிக்கும் சிறுவர்கள், கண்டிப்பான அப்பா, ரப்பர்த் தோப்பு, வாசலில் கோழி. அவ்வளவுதான். நம் நாட்டுக் கேலிச்சித்திரக் கலைஞர் லாட் வரைந்த 'தி கம்போங் பாய்' அது. ஜொகூர் பாருவில் ஒரு பழைய புத்தகக் கடையில் எட்டு வெள்ளிக்கு வாங்கினேன்.

லாட்டின் இயற்பெயர் முகமது நோர் காலிட். 1951-இல் பேராக் மாநிலத்தில் பிறந்தவர். சிறு வயதில் உருண்டையாக இருந்ததால் 'புலாட்' என்று வீட்டில் அழைக்க, அதுவே 'லாட்' என்று சுருங்கிவிட்டதாம். 1964-இல் அவருடைய முதல் படக்கதை அச்சில் வந்தபோது அவருக்கு வயது 13 மட்டுமே. 'தி கம்போங் பாய்' 1979-இல் வெளிவந்தது. ஒரு கம்பத்துச் சிறுவன் பிறந்தது முதல் ஈப்போவுக்குப் படிக்கப் புறப்படும் நாள் வரை நடப்பதை, கறுப்பு மையில் பெரிய பெரிய படங்களாகச் சொல்கிறது. கடைசிப் பக்கங்களில் கம்பத்து நிலத்தில் ஈயம் இருக்கிறதா என்று ஆராய ஆட்கள் வந்துவிடுகிறார்கள். பையன் திரும்பி வரும்போது ஊர் அப்படியே இருக்குமா என்பது அவனுக்குத் தெரியாது. இந்தப் புத்தகம் பிரெஞ்சு, ஜப்பான் மொழிகளுக்கும் போயிருக்கிறது. 2006-இல் அமெரிக்காவிலும் பதிப்பிக்கப்பட்டது.

அந்த ஆண்டு இறுதி விடுமுறையில்தான் என் பாட்டி அந்தப் புத்தகத்தைப் பார்த்தார்.

பாட்டி கூலாய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால்மரம் வெட்டி, அங்கேயே என் அப்பாவை வளர்த்தவர். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு வரைதான் படிப்பு. ஆங்கிலம் தெரியாது.

"என்னா பாப்பா, பொம்மைப் புத்தகமா?" என்று வாங்கிப் புரட்டினார். "இந்தப் பய மண்டைய பாரேன், தேங்கா நாரு கணக்கா!" என்று சிரித்தார். ஒரு மணி நேரம் நகரவில்லை. ஒரு வரிகூடப் படிக்கத் தெரியாமல் முழுப் புத்தகத்தையும் 'படித்துவிட்டார்'. கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் கேட்டார்: "ஏன் இவன் மொகம் வாடிக் கெடக்கு?"

விஷயத்தைச் சொன்னேன். பாட்டி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எங்களயும் அப்பிடித்தான் கெளப்புனாங்க" என்றார்.

தோட்டம் விற்கப்பட்ட செய்தியைப் பெரட்டில் வைத்துச் சொன்னார்களாம். லயத்தைக் காலி செய்த நாளில், பிள்ளைகளின் உயரத்தைக் கரியால் கோடு போட்டு வைத்திருந்த ஆயாக்கொட்டகைத் தூணைத் தொட்டுவிட்டு வந்தாராம். வரும்போது தன் நிரையிலிருந்து ஒரே ஒரு மங்கை மட்டும் எடுத்து வந்திருக்கிறார். எங்கள் சாமி மேடையில் திருநீறு போட்டு வைத்திருக்கும் அந்தப் பழைய கோப்பை பால் பிடித்த மங்கு என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பதினான்கு வருடங்களாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

தோட்டத்துறை பற்றி நான் வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறேன். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் என் பாட்டியைப் பேச வைத்தது ஒரு படக்கதைதான். அன்றிலிருந்து இந்த வகைப் புத்தகங்களைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். என் அலமாரியில் இருப்பவற்றில் சிலவற்றை உங்களுக்கும் அறிமுகப்படுத்துகிறேன்.

முதலில் தமிழ். பாசிர் கூடாங்கில் வேலை செய்யும் என் மாமா, சிவகாசியிலிருந்து வரும் முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் இதழ்களைச் சேர்ப்பவர். முத்து காமிக்ஸ் 1972-இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியது. லயன் 1984-இல் வந்தது. மாயாவிக்கு மறைந்துபோகும் சக்தி உண்டு. எனக்குப் பிடித்ததோ அவர் அல்லர், லக்கி லூக். பெல்ஜியத்தைச் சேர்ந்த மோரிஸ் 1946-இல் உருவாக்கிய மாட்டுக்காரன். தன் நிழலைவிட வேகமாகச் சுடுவான் என்பார்கள். ஆனால் கதையை நகர்த்துவது துப்பாக்கியைவிட அவனுடைய நிதானமும் நையாண்டியும்தான். ஒரு சுவையான செய்தி: அவன் வாயில் எப்போதும் இருந்த சிகரெட்டை 1983-இல் மோரிஸ் எடுத்துவிட்டு ஒரு புல்லை வைத்தார். அதற்காக 1988-இல் உலகச் சுகாதார நிறுவனம் அவரைப் பாராட்டியது.

லக்கி லூக்குக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். தமிழ்ப்பள்ளியை முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போனபோது, வழக்கமான கால அட்டவணையில் எங்களுக்குத் தமிழ் இல்லை. இரண்டு வருடங்களில் என் வாசிப்பு அவ்வளவு மந்தமாகிவிட்டது. ஒரு பக்கத் தமிழ்க் கட்டுரையைக் கண்டாலே களைப்பு வந்துவிடும். மாமா வீட்டில் டால்டன் சகோதரர்களின் அட்டகாசத்தைப் படிக்கும்போது அந்தக் களைப்பு வரவில்லை. தெரியாத சொல்லுக்குப் படம் பொருள் சொன்னது. படிவம் நான்கில் எஸ்.பி.எம். தமிழ்மொழிப் பாடத்தை எடுக்கலாம் என்ற துணிவு அங்கிருந்துதான் வந்தது. உண்மையையும் சொல்லிவிடுகிறேன். படக்கதை மட்டும் படித்து நான் கட்டுரை எழுதக் கற்றுக்கொள்ளவில்லை. அதற்குச் சிறுகதைகளும் ஆசிரியரின் சிவப்பு மையும் தேவைப்பட்டன. ஆனால் நின்றுபோன வண்டியைத் தள்ளிவிட்டது படக்கதை.

அடுத்து, பாலத்துக்கு அந்தப் பக்கம். என் அப்பா தினமும் அதிகாலை நாலரை மணிக்கு மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். ஜொகூரில் பல வீடுகளில் இதுதான் கதை. இந்த எல்லை எப்படி வந்தது என்பதை எனக்கு உயிரோட்டமாகக் காட்டிய புத்தகம், 'தி ஆர்ட் ஆஃப் சார்லி சான் ஹொக் சாய்'. வரைந்தவர் சிரம்பானில் பிறந்த சோனி லியூ. சார்லி சான் என்று ஓர் ஓவியர் உண்மையில் இருந்ததில்லை. அப்படி ஒருவர் வாழ்ந்ததுபோல் கற்பனை செய்து, அவருடைய படங்கள் வழியாக, 1963-இல் மலேசியா உருவானதும் 1965-இல் சிங்கப்பூர் பிரிந்ததும் சொல்லப்படுகின்றன. 2015-இல் புத்தகம் வந்தபோது, சிங்கப்பூர்த் தேசியக் கலை மன்றம் தான் கொடுத்த 8,000 சிங்கப்பூர் வெள்ளி மானியத்தைத் திரும்பப் பெற்றது. 2016-இல் சிங்கப்பூர் இலக்கியப் பரிசு அதே புத்தகத்துக்குக் கிடைத்தது. 2017-இல் படக்கதை உலகின் உயரிய விருதான ஐஸ்னர் விருதுகள் மூன்றை அது வென்றது.

மூன்றாவது, 'வெறுங்கால் கென்'. எழுதி வரைந்தவர் கெய்ஜி நாகசாவா. 1945 ஆகஸ்டு 6-ஆம் தேதி ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது அவருக்கு ஆறு வயது. பள்ளிச் சுவர் ஒன்று மறைத்ததால் பிழைத்தார். அப்பாவையும் அக்காவையும் தம்பியையும் இழந்தார். 1973 முதல் அதைத் தொடராக வரைந்தார். 'மாங்கா' என்றால் சண்டையும் சாகசமும்தான் என்று நினைக்கும் நண்பர்களிடம் முதலில் இதைத்தான் நீட்டுவேன். படிக்க மனத்திடம் வேண்டும்.

நான்காவது, மர்ஜானே சத்ரபியின் 'பெர்சிபோலிஸ்'. ஈரானில் புரட்சிக்குப் பிறகு, பத்து வயதில் திடீரென்று முக்காடு போட்டுப் பள்ளிக்குப் போகச் சொல்லப்பட்ட சிறுமியின் வாழ்க்கை. அவள் கேள்வி கேட்கிறாள், பொய் சொல்கிறாள், வீம்பு பிடிக்கிறாள். நம்மைப் போலத்தான். இது 'ஈரான்: ஒரு குழந்தைப் பருவத்தின் கதை' என்ற பெயரில் தமிழிலும் வந்திருக்கிறது.

ஐந்தாவது, நம்மவர் வலி. இலங்கைப் போரில் சிக்கிய தமிழ்க் குடும்பங்களைப் பற்றிய 'வன்னி' 2019-இல் வெளியானது. எழுதியவர் பெஞ்சமின் டிக்ஸ், வரைந்தவர் லின்சே பொல்லாக். டிக்ஸ், கிளிநொச்சியில் ஐ.நா. பணியில் இருந்து 2008-இல் வெளியேற நேர்ந்தவர். தப்பி வந்தவர்கள் சொன்னவற்றைக் கொண்டு உருவான கதை இது. படத்தில் வரும் முகங்கள் என் அத்தை, சித்தப்பா முகங்களாகத் தெரிந்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெளியே நடந்துவிட்டு வந்தேன்.

ஆறாவது, 'பீமாயணா'. அம்பேத்கர் சிறுவயதில் தண்ணீருக்காகப் பட்ட அவமானங்களை, துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற கோண்டு பழங்குடி ஓவியத் தம்பதியர் வரைந்திருக்கிறார்கள். 2011-இல் வந்த இந்நூலில் கட்டங்களே கிடையாது. கனிவாகப் பேசுகிறவரின் சொற்கள் பறவை வடிவக் குமிழுக்குள் இருக்கும். கொடுமையாகப் பேசுகிறவரின் சொற்களைச் சுற்றித் தேள் கொடுக்கு இருக்கும். ஒரு சொல் கொட்டும் என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிக் காட்டுவது?

"படம் பார்ப்பது சோம்பேறித்தனம்" என்று சிலர் சொல்வார்கள். நானும் யோசித்துப் பார்த்தேன். படக்கதையில் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே ஒரு வெள்ளை இடைவெளி இருக்கிறது. முதல் கட்டத்தில் அம்மா கதவைத் திறக்கிறார். அடுத்த கட்டத்தில் தரையில் உட்கார்ந்து அழுகிறார். நடுவில் என்ன நடந்தது? அதை எழுத்தாளரும் சொல்லவில்லை, ஓவியரும் வரையவில்லை. நாம்தான் நிரப்புகிறோம். வேகமாகப் புரட்டினால் எதுவும் கிடைக்காது. பாட்டி படித்த வேகத்தில் படிக்க வேண்டும்.

இப்போது நான் ஸ்கூடாயில் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. இத்தனை புத்தகங்களைச் சேர்த்த பிறகு ஒன்று உறுத்தியது. கம்பத்துப் பையனை லாட் வரைந்துவிட்டார். என் பாட்டி பிறந்த லயத்தை வரைந்த ஒரு புத்தகத்தை நான் இன்னும் கண்டதில்லை. அந்தத் தோட்டம் இருந்த இடத்தில் இன்று இரட்டை மாடி வீடுகள் வரிசையாக நிற்கின்றன. பாட்டிக்கு வயது 76. சில பெயர்கள் அவருக்கு மறக்கத் தொடங்கிவிட்டன.

அதனால் நானே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். எனக்கு நன்றாக வரைய வராது. ஆனாலும் இதுவரை பதினொரு பக்கங்கள் முடித்திருக்கிறேன். ஒவ்வொரு பக்கத்தையும் பாட்டிதான் திருத்துகிறார். "காண்டா இப்பிடி ஒக்காராது பாப்பா. கழுத்தோரம் ஏறணும், வாளி ரெண்டும் ஆடக்கூடாது." "வெடியற்காலையில நெத்தியில வெளக்கு இருக்கணும், அத எங்க காணோம்?"

மூன்றாம் பக்கத்தில் பாட்டி மரம் வெட்டும் காட்சி. மரப்பட்டையில் வலப்பக்கம் உயர்ந்து இடப்பக்கம் இறங்குவதாகக் கோடு போட்டிருந்தேன். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "எடப்பக்கம் மேல, வலப்பக்கம் கீழ. நீ போட்ட மாதிரி வெட்டுனா பாலு கொறஞ்சிரும்."

"ஏன் பாட்டி?"

"அது தெரியாது. அப்பிடித்தான் வெட்டணும்."

அன்றிரவு தேடிப் படித்தேன். ரப்பர் மரப்பட்டைக்குள் பால் ஓடும் நுண்குழாய்கள் நேராக மேலே போவதில்லை. சற்றே சாய்ந்து சுற்றிக்கொண்டு போகின்றன. இடப்பக்க உயரத்திலிருந்து வலப்பக்கம் இறக்கி வெட்டினால்தான் அதிகமான குழாய்கள் அறுபடும், அதிகப் பால் வடியும். மூன்றாம் ஆண்டோடு பள்ளியை விட்ட பாட்டியின் கை, தாவரவியலைச் சரியாகப் படித்து வைத்திருந்தது. நான் தவறாக வரைந்திருக்காவிட்டால் அதை அவர் சொல்லியிருக்கவே மாட்டார்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். தோட்டத்தில் வேலை செய்த தாத்தா, துறைமுகத்தில் மூட்டை தூக்கிய பெரியப்பா, தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்த அம்மா. வரும் விடுமுறையில் அவர்களுடைய ஒரு நாளை, ஒரே ஒரு பக்கத்தில், ஆறு கட்டமாக வரைந்து அவர்களிடம் காட்டுங்கள். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. தப்பாக இருந்தால் அவர்களே திருத்துவார்கள்.

மூன்றாம் பக்கத்தை நான் மறுபடி வரைந்துவிட்டேன். பாட்டி கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் இது மரம்" என்றார்.